கையால் அமைத்த சி.என்.சி. இயந்திரத்துக்கு மாற்று உறுப்புகள்

இயந்திரம் ஒன்று நின்றுவிடுவதற்கு அதன் பெரிய உறுப்புகளே எப்போதும் காரணமாவதில்லை. எஃகுத் தண்டுகளும் மோட்டார்களும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் தாங்கி ஒன்றோ, பிடி ஒன்றோ முறிந்திருக்கும். தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட இயந்திரமாயின், உறுப்பின் எண்ணைக் குறித்து எழுதி மாற்று உறுப்பைப் பெறலாம். பள்ளியிலோ, பயிற்சி நிலையத்திலோ, சிறு பட்டறையிலோ பல இடங்களில் வாங்கிய பொருள்களைக் கொண்டு கையால் அமைத்த இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் உறுப்புகளுக்குப் பட்டியலும் இல்லை, எண்ணும் இல்லை. ஆகவே ஒரு சிறு தாங்கியின் பொருட்டு இயந்திரம் முழுவதும் துணி போர்த்து மூலையில் ஒதுக்கப்படுகின்றது. அதனைச் சுற்றி நின்று கற்க வேண்டிய மாணவர்களோ, கெட்ட இயந்திரம் கெட்டதுதான் என்னும் தவறான பாடத்தைக் கற்கின்றனர்.

இந்நிலையை மாற்றும் சாதனம் இன்று பல பள்ளிகளிலேயே உள்ளது. 2016ஆம் ஆண்டில் நிதி ஆயோக் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் மாணவர்களுக்கென ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் 'அடல் டிங்கரிங் லேப்' எனப்படும் கூடங்கள் அமைக்கப்பட்டன. அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என 2025ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இக்கூடங்களின் உபகரணங்களுள் முப்பரிமாண அச்சு இயந்திரமும் ஒன்றாகும். அதனைக் கொண்டு பொம்மைகளும் பெயர்ப் பலகைகளும் செய்வதோடு நின்றுவிடாமல், முறிந்த இயந்திர உறுப்புகளைச் செய்யவும் நாம் முன்வருதல் வேண்டும். அவ்வாறு செய்யும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு இயந்திரங்கள்

சி.என்.சி. என்னும் சுருக்கம் 'கணினிவழி எண் கட்டுப்பாடு' எனப் பொருள்படும். வெட்டும் கருவி இடமாகவும் வலமாகவும், முன்னும் பின்னும், மேலும் கீழும் எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கைப்பிடிச் சக்கரத்தால் அன்றி எண்களால் கட்டளையிடுவதே இம்முறையாகும். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவர் இக்கருத்தை முதலில் வளர்த்தார். 1952ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவிலிருந்து எண்களைப் படித்து இயங்கிய வெட்டு இயந்திரம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அன்று ஓர் அறையை நிறைத்த கட்டுப்பாட்டுக் கருவியின் வேலையை, இன்று ஒரு சிறிய மின்னணுப் பலகை செய்துவிடுகின்றது. அதனாலேயே அலுமினியச் சட்டம், திருகுத்தண்டு, ஸ்டெப்பர் மோட்டார் ஆகியவற்றை வாங்கி இத்தகைய இயந்திரத்தைக் கையால் அமைக்க முடிகின்றது.

அச்சு இயந்திரமும் எண்களின் கட்டளைப்படியே நகர்கின்றது. எனினும் இது பொருளை வெட்டிக் குறைப்பதில்லை. உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கின்மேல் அடுக்காகப் படியவைத்து வடிவத்தை எழுப்புகின்றது. இம்முறைக்கு ஸ்காட் கிரம்ப் என்பவர் 1992ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது. இதற்கிடையே, 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர், தன் உறுப்புகளைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை அமைக்கும் முயற்சியைத் தொடங்கினார். 'ரெப்ராப்' எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தின் இயந்திரம் ஒன்று, 2008ஆம் ஆண்டில் தன்னையொத்த மற்றோர் இயந்திரத்துக்கு வேண்டிய பிளாஸ்டிக் உறுப்புகளை அச்சிட்டு அளித்தது. வரைபடங்கள் யாவும் எல்லோருக்கும் திறந்துவைக்கப்பட்டன. இயந்திரத்தின் உறுப்பை அதனைப் பயன்படுத்துவோரே செய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் இதனால் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் புதியதன்று. மகாராஷ்டிர மாநிலத்தின் புணே மாவட்டத்தில் பாபல் என்னும் சிற்றூரில், டாக்டர் கல்பாக் 1983ஆம் ஆண்டில் விஞ்ஞான் ஆசிரமத்தை நிறுவினார். கிராமப் பிள்ளைகள் கைவேலையின் மூலம் விஞ்ஞானம் கற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 2002ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் கழகத்தின் ஒத்துழைப்புடன் கணினிவழிக் கருவிகள் கொண்ட பட்டறை ஒன்று அங்கு அமைந்தது.

முறிவின் காரணம் அறிதல்

முறிந்த உறுப்பைக் கண்டவுடன் அதனைப்போன்ற ஒன்றை அச்சிட்டுவிட விரும்புவது இயல்பே. ஆனால் முறிவின் காரணம் நீங்காவிடில் புதிய உறுப்பும் அதே இடத்தில் முறியும். ஆதலின் 'ஏன் முறிந்தது?' என்பதே முதற்கேள்வியாதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, திருகுத்தண்டைச் சுழற்றும் மோட்டாரைப் பிடித்திருக்கும் தாங்கியைக் கொள்வோம். 'ட' எழுத்தைப்போல ஒரு நிமிர்ந்த பலகையும் ஓர் அடிப்பலகையும் கொண்ட உறுப்பு இது. இத்தகைய தாங்கிகளைப் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக்கில் அச்சிடுவது பெருவழக்கு. சோளம், கரும்பு முதலியவற்றிலிருந்து பெறும் சர்க்கரையைக் கொண்டு செய்யப்படும் இப்பொருள், அச்சிட எளியது, விறைப்பும் உடையது. ஆயினும் ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கிவிடும். நீண்ட நேரம் உழைக்கும் ஸ்டெப்பர் மோட்டாரின் கூடு அந்த அளவுக்குச் சூடாவது அரிதன்று. மேலும், திருகாணியின் அழுத்தத்தில் இடைவிடாது இருக்கும் பி.எல்.ஏ., சூடு இல்லாதபோதும் நாளடைவில் சிறிது சிறிதாக வடிவு இழக்கும். தாங்கி சாய்கின்றது, மோட்டாரும் தண்டும் ஒரே நேர்க்கோட்டிலிருந்து விலகுகின்றன, சுமை மிகுகின்றது, இறுதியில் தாங்கி பிளக்கின்றது.

முறிந்த துண்டுகளே இக்கதையைச் சொல்லும். அச்சு அடுக்குகளுக்கு இணையாகச் சீராகப் பிளந்திருந்தால், சுமை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் வந்தது என அறியலாம். உறுப்பு பிளவுபடாமல் வளைந்திருந்தால் வெப்பத்தை ஐயுற வேண்டும். உள்மூலையிலிருந்து கீறல் புறப்பட்டிருந்தால், அம்மூலை கூர்மையாக அமைந்ததே குற்றம். துளையின் ஓரம் நசுங்கியிருந்தால், வாஷர் இன்றித் திருகாணி முடுக்கப்பட்டது எனக் கொள்ளலாம். மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் வேண்டியதற்கு மிகுதியாக அமைந்துள்ளதா, தண்டு நேராக ஓடுகின்றதா என்பவற்றையும் அப்போதே பார்த்துத் திருத்திவிடல் நலம்.

அளவெடுத்தல்

வளைந்தும் தேய்ந்தும் போன உறுப்பை அளந்தால் அதன் பிழைகளையும் சேர்த்தே அளந்தவராவோம். அவ்வுறுப்பு எவற்றோடு சேர்கின்றதோ அவற்றையே அளத்தல் வேண்டும். தாங்கியின் துளைகளை அறிய மோட்டாரின் முகத்தை அளக்க. பேரிங்கின் குழியை அறியப் பேரிங்கை அளக்க.

இதற்கு 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் காலிபர் போதும். இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தொலைவை நேராக அளக்க இயலாது. துளைகளின் வெளியோரங்களுக்கு இடையிலுள்ள தொலைவையும், உள்ளோரங்களுக்கு இடையிலுள்ள தொலைவையும் தனித்தனியே அளந்து, கூட்டி இரண்டால் வகுத்தால் மையத் தொலைவு கிடைக்கும். வெளியோர அளவு 34.2 மி.மீ., உள்ளோர அளவு 27.8 மி.மீ. எனின் மையத் தொலைவு 31.0 மி.மீ. ஆகும். இரு துளைகளின் விட்டங்கள் வேறுபட்டாலும் இம்முறை பொருந்தும் என்பதை நினைவிற் கொள்க. எட்டாம் வகுப்பு மாணவனும் இதன் காரணத்தை ஒரு படம் வரைந்து நிறுவிவிடுவான்.

மேற்கண்ட 31 மி.மீ. என்பது, 'நேமா 17' எனப்படும் மோட்டாரின் திருகுத் துளைகளுக்குரிய தர அளவே ஆகும். அம்மோட்டாரின் முகப்பு ஏறத்தாழ 42.3 மி.மீ. சதுரம், நடுவிலுள்ள வட்ட மேடு 22 மி.மீ. விட்டம், தண்டு 5 மி.மீ. விட்டம். இவ்வாறே '608' என்னும் எண்ணுடைய பேரிங்கின் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. ஆகும். கையால் அமைத்த இயந்திரத்திலும் வாங்கிய பொருள்கள் யாவும் இத்தகைய தர அளவுகளைக் கொண்டவையே. காலிபர் 21.96 எனக் காட்டினால், அது 22 ஆதல் கூடுமா எனத் தர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

வடிவமைத்தல்

அளவுகளைக் கொண்டு கணினியில் வடிவம் வரையப்படுகின்றது. 'ஃப்ரீகேட்', 'ஓபன்எஸ்கேட்' போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வரையும்போது ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயரிட்டு அமைத்தால், பிறிதொரு நாளில் ஒரே எண்ணை மாற்றி வேறு மோட்டாருக்குரிய தாங்கியையும் பெறலாம்.

பிளாஸ்டிக் அலுமினியம் அன்று. அலுமினியத்தின் விறைப்பு பி.எல்.ஏ.யின் விறைப்பைப்போல் ஏறத்தாழ 20 மடங்காகும். ஆகவே உலோகத் தாங்கியின் வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்தல் பயன் தராது. வடிவத்தால் ஈடு செய்தல் வேண்டும். பலகை ஒன்றின் வளையாத் தன்மை அதன் தடிப்பின் முப்படிக்கு ஏற்ப உயரும் என்பது பௌதிக ஆசிரியர்கள் அறிந்ததே. 5 மி.மீ. தடிப்பை 8 மி.மீ. ஆக்கினால், பொருள் ஒன்றரை மடங்கினும் சற்றே மிகும். வளையாத் தன்மையோ நான்கு மடங்காகும். இரு பலகைகளும் சேரும் மூலையில் முக்கோணத் தாங்குச் சுவர் ஒன்றை இருபுறமும் அமைத்தால் மேலும் உறுதி கூடும். உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல், 3 அல்லது 4 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுதல் நன்று.

அச்சிட்ட துளைகள் வரைந்த அளவினும் சற்றுச் சிறுத்தே வருவது வழக்கம். எவ்வளவு சிறுக்கும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஆதலின் 22.0, 22.1, 22.2, 22.3 மி.மீ. விட்டங்களில் நான்கு துளைகள் உள்ள சிறு பலகையை அச்சிட்டு, பேரிங் எதில் கைவிரலின் அழுத்தத்தால் இறுகப் பொருந்துகின்றது எனக் காண்க. ஒரு முறை செய்த இச்சோதனை, அதே இயந்திரத்திலும் அதே பொருளிலும் பின்னர் செய்யும் எல்லா உறுப்புகளுக்கும் வழிகாட்டும்.

பிளாஸ்டிக்கில் நேரே திருகு மரை வெட்டினால், சில முறை கழற்றி மாட்டியதும் மரை அழிந்துவிடும். உலோக நட்டு அமரும் அறுகோணக் குழியை உறுப்பிலேயே அமைத்தல் சிறந்தது. 3 மி.மீ. திருகாணிக்குரிய நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலம் 5.5 மி.மீ. ஆகும், குழியை அதனினும் சற்றே பெரிதாக வரைக.

அச்சிடுதல்

உறுப்பை அச்சு மேடையில் எவ்வாறு கிடத்துவது என்பதே இங்கு முதன்மையான முடிவு. மரத்தைப் பிளப்பவர் நாரின் போக்கில் கோடரியை வைக்கின்றார், குறுக்கே வைப்பதில்லை. அச்சிட்ட உறுப்பும் அத்தகையதே. இழையின் நீளவாக்கில் அது வலிமையுடையது. அடுக்குகளுக்கு இடையில் வலிமை குன்றியது. நமது தாங்கியை நிமிர்த்து வைத்து அச்சிட்டால் அடுக்குகள் மூலையின் குறுக்கே அமைந்து, மோட்டாரின் இழுப்பில் பிளந்துவிடும். பக்கவாட்டில் கிடத்தி அச்சிட்டால் ஒவ்வோர் இழையும் அடிப்பலகையிலிருந்து மூலையைச் சுற்றி நிமிர்ந்த பலகைக்குள் தொடர்ந்து செல்லும்.

பொருளைத் தெரிவு செய்வதில் வெப்பமே அளவுகோல். சூடாகாத இடத்திலுள்ள இடைவெளித் துண்டுகள், கம்பிகளைத் தாங்கும் பிடிகள் ஆகியவற்றுக்குப் பி.எல்.ஏ. போதும். மோட்டார்த் தாங்கிக்கு, ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும் பி.இ.டி.ஜி. ஏற்றது. ஏறத்தாழ 105 டிகிரியில் இளகும் ஏ.பி.எஸ். இன்னும் மேலானதெனினும், அச்சிடும்போது ஓரங்கள் எளிதில் சுருங்கி எழும்பும். தீங்கான ஆவியும் வெளிப்படும். காற்றோட்டம் இல்லாத வகுப்பறையில் அதனைப் பயன்படுத்தலாகாது.

0.4 மி.மீ. துளைமுனையும் 0.2 மி.மீ. அடுக்கும் பொதுவான வேலைக்கு உகந்தவை. உட்புறத்தை நிரப்புவதினும் வெளிச்சுவர்களைப் பெருக்குவதே வலிமைக்குச் சிறந்த வழி; ஐந்து சுவர்கள் இட்டால் 2 மி.மீ. தடிப்புள்ள திண்மையான தோல் கிடைக்கும். இழை காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரமேறிய இழை, முனையில் வெடிப்பொலியுடன் குமிழ்விட்டு அடுக்குகளை நலியச் செய்யும். கடற்கரை மாவட்டங்களிலும் மழைக்காலத்திலும் அதனைச் சிலிகா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் வைத்தல் அவசியம். மின்தடை நேரும் ஊர்களில், பல மணி நேரம் பிடிக்கும் பெரிய உறுப்பை இரு துண்டுகளாக வடிவமைத்துத் திருகாணியால் இணைப்பது விவேகமாகும்.

முழு உறுப்பையும் அச்சிடுமுன் இரு சிக்கனமான சோதனைகள் உள்ளன. வரைபடத்தைச் சம அளவில் தாளில் அச்சிட்டு மோட்டாரின் முகத்தில் வைத்துப் பார்த்தல் ஒன்று. துளைகள் உள்ள பகுதியை மட்டும் 2 மி.மீ. தடிப்பில் அச்சிட்டுப் பொருத்திப் பார்த்தல் மற்றொன்று. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனைகள் பல மணி நேர வேலை வீணாவதைத் தடுக்கும்.

பொருத்துதலும் சரிபார்த்தலும்

உறுப்பைப் பொருத்துமுன் மின் இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். வாஷர்களை இட்டு, திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்குக. திருகுத்தண்டைக் கையால் சுழற்றினால், முழு நீளத்திலும் ஒரே சீராக ஓடுதல் வேண்டும்; எங்கேனும் இறுகினால் தாங்கி நேராக அமரவில்லை என்பது பொருள்.

பின்னர் எண்களைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகர்வது; கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் 3,200 நுண்படிகள் ஆகும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. முன்னேறும் திருகுத்தண்டாயின், ஒரு மில்லிமீட்டருக்கு 400 நுண்படிகள் எனப் பதிவு செய்தல் வேண்டும். இதன்பின் பேனாவைப் பிடிக்கச் செய்து, 100 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தைத் தாளில் வரையச் செய்க. நான்கு பக்கங்களும் 100 மி.மீ. இருந்து, இரு மூலைவிட்டங்களும் 141.4 மி.மீ. ஆக ஒத்திருந்தால் இயந்திரம் செங்கோணத்தில் இயங்குகின்றது. பக்கங்கள் சரியாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் சட்டம் சாய்ந்துள்ளது. பித்தகோரஸ் தேற்றம் பட்டறையில் பயன்படுவதை மாணவர்கள் நேரிற் காண்பர்.

இயந்திரம் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் மற்றொரு வாய்ப்பு உண்டாகின்றது. அச்சிட்ட தாங்கியின் துணையாலேயே, அதே வடிவத்தின் பலகைகளை அலுமினியத் தகட்டில் மெல்ல மெல்ல வெட்டிக்கொள்ளலாம். விறைப்புக் குறைந்த இயந்திரமாயின் தரமான ஒட்டுப்பலகையில் வெட்டலாம். அவ்வாறாயின் பிளாஸ்டிக் உறுப்பு நிலையான உறுப்புக்குப் பாலமாக உதவியதாகும்.

அச்சிடத் தகாதவை

எல்லா உறுப்புகளையும் அச்சிடலாம் எனக் கொள்வது அபாயகரமானது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் வெட்டுக்கருவியைப் பற்றும் உறுப்பு, அவசர நிறுத்தப் பொத்தானின் பாகங்கள், வீட்டு மின்சாரம் பாயும் இணைப்புகளின் உறை ஆகியவை உரிய தரமுள்ள பொருளாக விலைக்கு வாங்கத்தக்கவை. 'இவ்வுறுப்பு திடீரென முறிந்தால் அருகில் நிற்பவருக்கு என்ன நேரும்?' என்னும் கேள்விக்கு 'வேலை நின்றுவிடும்' என்பது விடையாயின் அச்சிடலாம். 'காயம் நேரும்' என்பது விடையாயின் அச்சிடலாகாது. மாற்று உறுப்பைப் பொருத்திய பின் முதல் ஓட்டத்தைக் கண்ணாடி அணிந்து, மாணவர்களை விலகி நிற்கச் செய்து, குறைந்த வேகத்தில் நடத்துதல் வேண்டும்.

பதிவேடு

தொழிற்சாலை இயந்திரத்துக்கு உள்ள உறுப்புப் பட்டியல் நம் இயந்திரத்துக்கு இல்லை எனத் தொடக்கத்தில் கூறினோம். அப்பட்டியலை நாமே உண்டாக்குவதில்தான் இம்முயற்சி முழுமை பெறுகின்றது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் கொடுத்து, பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குக. முறிந்த நாள், முறிவின் காரணம், அளவுகள், பயன்படுத்திய பொருள், கிடத்திய விதம், சுவர்களின் எண்ணிக்கை, பொருத்திய நாள் ஆகியவற்றை அதில் எழுதுக. அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் மேற்பரப்பின் முக்கோணங்கள் மட்டுமே உண்டு. அளவுகளின் பெயரோ, மி.மீ. என்னும் அலகோ கூட அதில் இல்லை. ஆகவே திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துக் காத்தல் இன்றியமையாதது. கோப்புகளை இரண்டு இடங்களில் வைப்பதோடு, வரைபடத்தின் தாள் பிரதி ஒன்றைப் பதிவேட்டில் ஒட்டிவைப்பதும் நலம்.

மிகுதியாக முறியக்கூடிய உறுப்புகளில் ஒவ்வொன்றை, இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளபோதே அச்சிட்டு வைத்தல் வேண்டும். அச்சு இயந்திரத்தின் சொந்த உறுப்புகளுக்கு இவ்விதி மிகவும் பொருந்தும். அது நின்றபின் அதன் உறுப்பை அதனால் அச்சிட முடியாதன்றோ?

ஆசிரியர்கள் இப்பதிவேட்டை மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்வார்களாக. களப்பணியாளர்கள் ஒரு பள்ளியின் பதிவேட்டை அண்மையிலுள்ள பள்ளிகளுக்குக் கொண்டுசென்று காட்டுவார்களாக. ஓர் ஊரில் அளந்து வரைந்து சோதித்த தாங்கி மற்றோர் ஊரின் இயந்திரத்துக்கும் பயன்படும். அவ்வூரார் அதில் செய்யும் திருத்தம் மீண்டும் முதல் ஊருக்கு வந்து சேரும். ஆசிரியர் மாறுதலாகிச் சென்றாலும், மாணவர்கள் படிப்பை முடித்துச் சென்றாலும், பதிவேடு அங்கேயே இருக்கும். அடுத்து வருபவர் அதனைப் புரட்டி, வேண்டிய பக்கத்தைக் கண்டு, மாற்று உறுப்பை அச்சிட்டு, மறுநாள் காலையில் இயந்திரத்தை ஓட்டுவார்.